நடுக்கோட்டுத் தூசி

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் பாலவேசம் ஊதிய ஒரு விசில் தப்பு என்று, ஷார்ஜாவில் குடியிருக்கும் தேரிவிளைக்காரர்களின் நாற்பத்தியொரு வீடுகளில் அந்த வெள்ளிக்கிழமை காலை ஒரே சமயத்தில் தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்புச் சொன்னது நீதிமன்றம் இல்லை, கபடிக் கழகமும் இல்லை. பிள்ளைகள் கார் ஓட்டியும் பூதத்தைச் சுட்டும் விளையாடுகிற ஆடுபெட்டி.

செய்தியைச் சொல்லத் தங்கப்பழம் பாளையங்கோட்டைக்குப் போன் போட்டான். அவன் பாலவேசத்தின் மனைவி சந்தனக்கனிக்குச் சித்தப்பா மகன், ஷார்ஜா சங்கத்தின் செயலாளர். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதுமே பாலவேசத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தான், விரல் பட்டுருக்கு! நடுக்கோட்ட லிங்கதுரை நல்லாவே தொட்டுருக்கான். எல்லாப் பக்கமும் சுத்தி வந்து பாத்துட்டோம். பக்கத்துல குனிஞ்சு நிக்கிய நீங்க. மீசை என்னா கறுப்பு அப்பம்!"

"எதுலல பாத்த?"

"கேபிள்காரர் அந்த ஆட்டத்த எடுத்த பழைய தட்டு ஒண்ணு ஊர்ல கெடந்துருக்கு. எந்த மிசின்லயும் ஓடாம இருந்துச்சு. இப்பம் இசைவி வந்துட்டுல்லா, போட்டதும் ஓடிட்டு."

"ஓடட்டும். நான் நடுக்கோட்டுல நின்னவன். ஒங்க பெட்டி அன்னைக்கு எங்க நின்னுச்சு? என் ரெண்டு கண்ணால பாத்தேன், விரல் படல. வைல போன!"

வைத்துவிட்டார். அறுபத்து மூன்று வயதில், உடற்பயிற்சி ஆசிரியராக ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆன பிறகு, ஒரு விளையாட்டுச் சாமான் அவரைப் பொய்யன் என்கிறது. எரியாமல் என்ன செய்யும்?

ஆடுபெட்டியின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தொலைக்காட்சி, கணினி எல்லாம் ஒழிந்து, படம் பார்க்க வீட்டுக்கு அது ஒன்று என்று ஆனபோது, பழைய படங்கள் எதுவும் அதில் ஓடவில்லை. கல்யாணப் படம், காதுகுத்துப் படம், செத்துப்போன அப்பா பேசுகிற படம், எதைப் போட்டாலும் ஒரே பதில்: 'இந்த வடிவம் ஆதரிக்கப்படவில்லை.' ஊர் உலகமெல்லாம் அந்த வாக்கியத்தைத் திட்டித் தீர்த்தது. போன தீபாவளிக்கு இசைவி என்ற மென்பொருளைப் பெட்டிக்குள் இறக்கினார்கள். அதன் பிறகு அது ஓட்டாத கோப்பே உலகத்தில் இல்லை. கீறல் விழுந்தது, பாதி அழிந்தது, படைத்தவனே மறந்துபோன வடிவத்தில் கிடந்தது, எல்லாம் நேற்று எடுத்ததுபோல் பளிச்சென்று வந்தது. வந்ததோடு விடவில்லை. படத்துக்குள் நடந்துபோய் எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பழைய ஆட்டம் மணக்காட்டுக்கும் தேரிவிளைக்கும் நடந்த கபடி இறுதிப் போட்டி. பாலவேசத்துக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். தேரிவிளை அணியில் எதிர்க்களத்துக்குப் பாடிப்போகிறவன் சந்தனக்கனியின் தம்பி லிங்கதுரை. மச்சினன் ஆடுகிற ஆட்டத்துக்கு அத்தான் நடுவரா என்று மணக்காட்டுக்காரர்கள் முதலிலேயே முறுக்கிக்கொண்டார்கள். "விசில் வாயில இருக்கும்போது எனக்குச் சொந்தம்னு ஒருத்தன் கெடையாது" என்று பாலவேசம் ஒலிபெருக்கியிலேயே சொன்னார். இரண்டு அணிக்கும் சம புள்ளி. கடைசிப் பாட்டு. லிங்கதுரை போனான், ஒருவனைத் தொட்டான், திரும்பும்போது ஏழு பேரும் அவன்மேல் விழுந்தார்கள். குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் நடுக்கோட்டை நோக்கி நீண்டது. விரல் கோட்டில் பட்டால் தேரிவிளைக்குக் கோப்பை. படாவிட்டால் மணக்காட்டுக்கு. பாலவேசம் விசில் ஊதி, மணக்காட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

அன்று மாவட்ட அணிக்கு ஆள் பொறுக்க வந்தவர்கள் லிங்கதுரையை விட்டுவிட்டு மணக்காட்டுப் பையன் ஒருவனைக் கூட்டிப்போனார்கள். லிங்கதுரை திருப்பூருக்குப் போய்ப் பனியன் தைத்தான். அத்தானோடு அன்றைக்கு நின்ற பேச்சு இன்றுவரை நின்றதுதான்.

இதெல்லாம் இப்போது ஏன் கிளம்புகிறது என்றால், அடுத்த மாதம் இருபத்தேழாம் தேதி பாலவேசத்தின் ஒரே மகள் நறுமுகைக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண் மணையில் உட்கார வேண்டும். சந்தனக்கனியோடு கூடப்பிறந்த ஒரே தம்பி லிங்கதுரை. அவன் அக்காவிடம் ஒற்றை வரியில் சொல்லி அனுப்பியிருந்தான்: 'தப்பா ஊதிட்டேன்னு அத்தான் மண்டபத்துல எல்லார் முன்னாலயும் சொல்லட்டும், நான் மாலையோட வாரேன்.'

"ஒரு வார்த்தைதான சொல்லச் சொல்லுதான்?" என்றாள் சந்தனக்கனி. அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் செவிலியாக இருந்தவள், அதிகம் பேசுகிறவள் இல்லை. மத்தியானம் சமையல் முடிந்ததும் ஆடுபெட்டியின் முன் உட்கார்ந்து மலைப்பாதையில் லாரி ஓட்டுவாள். இப்போதும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பொய்ய சொல்லச் சொல்லுதியா?"

"பெட்டியில தெரியுதுங்காவளே."

"பெட்டியில பூதங்கூடத்தான் தெரியுது! இருக்கா பூதம்?"

அவள் ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரியைத் திருப்பினாள். பாலவேசம் சட்டையை மாட்டிக்கொண்டு, தங்கப்பழம் அனுப்பிய படக்கோப்பை ஒரு நினைவுச் சில்லில் ஏற்றி எடுத்துக்கொண்டு, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்தில் இருந்த ஆடுபெட்டிச் சேவை மையத்துக்கு நடந்தார்.

மேசையில் ஓங்கித் தட்டினார்.

"இந்தப் பெட்டி கையில எவன் விசிலக் குடுத்தான்?"

அங்கே இருந்த பொறியாளர் ஜமீலாவுக்குத் தினமும் பத்துப் பேர் இப்படி வருவார்கள்போல. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, சில்லை வாங்கித் தன் திரையில் கோப்பைப் பிரித்துப் போட்டாள்.

"சார், பழைய படம் ஒரு விநாடிக்கு இருபத்தஞ்சு சட்டம். அதாவது இருபத்தஞ்சு ஃபோட்டோ. இந்தப் பெட்டி விநாடிக்கு எரநூறு காட்டும். ஒரு நெசச் சட்டத்துக்கு ஏழு நிரப்புச்சட்டத்த இசைவி தானா வரையுது. இப்பம் பாருங்க." இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இது நெசம். கை கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு விரல்கடை தள்ளி இருக்கு. அடுத்த நெசம் இது. இழுத்துட்டாங்க, கை தூரமாப் போயிட்டு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேமராவுக்கே தெரியாது சார்."

"அப்பம் விரல் பட்டதா எதுக்குக் காட்டுது?"

ஜமீலா கொஞ்சம் தயங்கினாள். "இது அடிப்படையில வெளையாட்டுப் பெட்டி. ஆடுதவங்க சலிச்சுப்போயி கைப்பிடியக் கீழ வச்சிரக் கூடாதுங்கதுதான் இதோட மொதல் விதி. கைப்பிடியில நாடித்துடிப்பு தெரியும், வேர்வை தெரியும். எது வந்தா மனசு நெறையும்னு பாத்து அதையே கொண்டாரும். படம் ஓட்டுததுக்கும் அதே விதிதான் ஓடுது. யாரும் பிரிச்சு எழுதல."

"அந்தந்த வீட்டுக்குப் பிடிச்சதக் காட்டுமா?"

"கைப்பிடி யார் கையில இருக்கோ அவங்களுக்குப் பிடிச்சத. அடுத்த பதிப்பு இன்னும் மோசம் சார். ஒரு சட்டங்கூட இல்லாட்டியும் நிரப்புமாம்."

பாலவேசத்துக்குக் கோபம் குறையவில்லை, ஆனால் அதற்கு இப்போது ஒரு திசை கிடைத்தது. சில்லைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மணக்காட்டுக்கு பஸ் ஏறினார். அன்றைய மணக்காட்டு அணித்தலைவன் சுடலைமுத்து, இன்று தொப்பையும் மூட்டுவலியுமாக இருந்தவன், நடுவர் ஐயாவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். படத்தைப் போட்டு, கைப்பிடியைத் தன் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கை நீண்டது. கோட்டுக்கு ஒரு சாண் தூரத்திலேயே நின்றது. குவியலுக்கு அடியில் லிங்கதுரையின் முகம் அழுகிற மாதிரி கோணியது.

"பாத்தியளா சார்! கிட்டக்கூட வரல!" என்று தொடையைத் தட்டினான் சுடலைமுத்து.

பாலவேசத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஒரு சாணா? ஒரு விரல்கடைவே! ஒரே ஒரு விரல்கடை! அவன் அழவும் இல்ல. ஒம்ம பெட்டியும் பொய்தான் சொல்லுது!" என்று கத்திவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்தார். தனக்குச் சாதகமான பொய்யிடமும் கோபப்பட்டதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. நடுவர் என்றால் அப்படித்தான்.

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டார். இரண்டு ஊருக்கும் பொதுவான வீடு ஒன்று உண்டு என்றால் அது நடுவரின் வீடு. லிங்கதுரையை அங்கே வரவழைத்து, அவன் கண் முன்னால் படத்தை ஓட்டி, இதோ பார் என்று முகத்தில் அடித்த மாதிரி காட்டிவிட வேண்டும். சந்தனக்கனி தம்பியிடம் என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவன் வந்து நின்றான். முன்மண்டை வழுக்கை, கைவிரல்களில் தையல் எந்திரம் போட்ட தழும்புகள். முப்பத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டு வாசலை அவன் மிதிப்பது அதுதான் முதல் தடவை. அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்தான். அத்தானைப் பார்க்கவில்லை.

பாலவேசம் ஜமீலா சொன்னதை எல்லாம் வகுப்பெடுப்பதுபோல் விளக்கினார். ஷார்ஜாவில் என்ன காட்டியது, மணக்காட்டில் என்ன காட்டியது, ஏன் இரண்டும் பொய் என்று. பிறகு, "போடு" என்றார் மனைவியிடம். அவருக்கு அந்தப் பெட்டியை இயக்கத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

சந்தனக்கனி கைப்பிடியை எடுத்தாள். திடலில் குழல்விளக்குகள் எரிந்தன. ஆறு மாதத்து மாப்பிள்ளையாகப் பாலவேசம் கோட்டோரம் குனிந்து நின்றார். லிங்கதுரை பாடிப்போனான். தொட்டான். விழுந்தான். கை நீண்டது, நீண்டது, நடுவிரல் சுண்ணாம்புக் கோட்டின்மேல் நன்றாக அழுந்திப் பதிந்தது. சுண்ணாம்பு நகத்தில் ஒட்டியது கூடத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற நடுவர் அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். பார்த்துவிட்டு விசிலை ஊதி, எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

பாலவேசம் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் சோறு போட்டவள், பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் கிடந்தபோது விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி வைத்தவள்.

"நீயா?" என்றார். "இத்தன வருசமா மனசுக்குள்ள இதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தியா?"

"நான் என்னைக்காவது வாயத் தெறந்து சொன்னேனா? பெட்டிதான சொல்லிட்டு," என்றாள் அவள். குரல் உடையவில்லை. கோபமாகத்தான் வந்தது. "சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பியளாக்கும்."

"குடு இங்க!" பாலவேசம் கைப்பிடியைப் பறித்தார். "என் கையில ஓடட்டும். பாத்தவன் கையில ஓடட்டும். நெசம் என்னன்னு தெரியும்."

அவள் பொத்தானைக் காட்டினாள். அமுக்கினார். மறுபடியும் குழல்விளக்குகள், மறுபடியும் பாட்டு, மறுபடியும் ஏழு பேர் விழுந்தார்கள். கை நீண்டது. குவியல் விழுந்த வேகத்தில் தரையிலிருந்து செம்மண் தூசி எழும்பியது. எழும்பி, கையை மூடியது, கோட்டை மூடியது, திரை முழுக்க மூடியது. தூசி அடங்கியபோது கை தூரத்தில் இருந்தது.

பாலவேசம் இன்னொரு தடவை அமுக்கினார். தூசி. இன்னொரு தடவை. தூசிதான்.

"என்னது இது?" என்றாள் சந்தனக்கனி. "ஷார்ஜாவுல தூசி இல்ல, மணக்காட்டுல தூசி இல்ல, என் கையிலயும் இல்ல. ஒங்க கையில மட்டும் ஏன் தூசி வருது?"

அவர் வாயைத் திறந்தார். கத்தத்தான் நினைத்தார். பதிலுக்குப் பொத்தானைத்தான் மறுபடி அமுக்கினார்.

"நீங்க பாத்தியளா?" என்றாள் அவள். "எஞ்சாமி, ஒரே ஒரு தடவ நெசத்தச் சொல்லுங்க. அன்னைக்கு விரல் பட்டதையோ படாததையோ நீங்க பாத்தியளா?"

"பாக்கல," என்றார் பாலவேசம். அதையும் கோபமாகவே சொன்னார். "தூசி. கண்ணுல விழுந்துட்டு. ஒண்ணும் தெரியல. ஆயிரம் பேரு வாயையே பாத்துட்டு நிக்கான். ஊதணும்லா? தேரிவிளைக்கு ஊதினா, மச்சினன்னு பாத்து ஊதிட்டான்னு காறித் துப்புவான். அதான் மணக்காட்டுக்கு ஊதினேன். சொந்தக்காரனுக்குப் பாதகமா ஊதினா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்ல!"

சொல்லி முடித்ததும் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. அந்த இடைவெளியை அவரும் தனக்குப் பிடித்ததை வைத்துத்தான் நிரப்பியிருக்கிறார். அவருக்குப் பிடித்தது விரல் பட்டதும் இல்லை, படாததும் இல்லை. நேர்மையான நடுவர் என்ற பெயர். அதற்கு மச்சினனின் வாழ்க்கை விலையாகப் போனது. அதற்கப்புறம் நூறு தடவை, ஆயிரம் தடவை, என் ரெண்டு கண்ணால பாத்தேன் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் படாத விரலை நிஜமாகவே பார்த்துவிட்டார்.

லிங்கதுரை எழுந்து நின்றான். முகம் சிவந்துவிட்டது.

"பாக்காமயா ஊதினிய?"

"ஆமா."

"நான் தொட்டதப் பாத்துட்டு, வேணும்னே மாத்தி ஊதிட்டியன்னுல்லா அத்தான் இத்தன வருசம் ஒங்கள ஏசினேன்! பொய் சொன்னாலும் பாத்துட்டுச் சொன்னாருன்னு... தொட்டேங்கதுக்கு நீங்க ஒருத்தராவது சாட்சி இருக்கியன்னு..."

"அப்பம் நீ தொட்டது ஒனக்குத் தெரியாதால?" என்றார் பாலவேசம்.

லிங்கதுரை தன் கையையே பார்த்தான். "மேல ஏழு பேரு கெடந்தான். கை மரத்துப் போயிட்டு. எனக்கெப்படித் தெரியும்? நடுவர் நீங்கதான! ஒங்களுக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

சந்தனக்கனி கைப்பிடியைப் பிடுங்கிச் சோபாவில் எறிந்தாள். அவள் கத்தி அந்த வீடு கேட்டதே இல்லை. அன்று கேட்டது.

"ஒருத்தன் பாக்கல! இன்னொருத்தனுக்குத் தெரியல! இதுக்கா தம்பிக்குத் தெரியாம புருசனுக்கும், புருசனுக்குத் தெரியாம தம்பிக்குமா முப்பத்திரண்டு வருசம் அழுதேன்? எங்கம்மா சாவுல ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில நின்னிய. எம்மக சடங்குக்கு மாமன் இல்லாம நான் தனியா நின்னேன். லேய் தொர! இருபத்தேழாந் தேதி காலையில மாலையோட மண்டபத்துல நிக்கணும். யாரும் யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டாம். கேக்கதுக்கு ரெண்டு பேருக்கும் யோக்கியதை இல்ல!"

லிங்கதுரை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். கோபம் ஆறியதாகத் தெரியவில்லை.

"வாரேன். ஆனா வீடியோ எடுக்கக் கூடாது. எடுத்தா, நாளைக்கு எவன் வீட்டுல என்னைய என்ன பாடு படுத்துவானோ."

"எடுக்கல," என்றார் பாலவேசம். அந்த விஷயத்தில் மட்டும் அவருக்கும் மச்சினனுக்கும் முழு ஒற்றுமை.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் அவரே மஞ்சள் பையோடு நின்று, வந்தவர்களின் கைபேசிகளை எல்லாம் வாங்கிப் போட்டு டோக்கன் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். ஒரு சித்தப்பா சண்டைக்கே வந்தார். பாலவேசம் அசையவில்லை. மாலை போடும் நேரத்துக்கு மேடையோரம் போய், மகளிடமிருந்து இரண்டடி தள்ளி, கோட்டோரம் நிற்பதுபோல் குனிந்து நின்றார். லிங்கதுரை பட்டு வேட்டியில் வந்தான். தழும்பு விழுந்த கையால் மாலையை எடுத்து நறுமுகையின் கழுத்தில் போட்டான். ஹோமப் புகை கண்ணைக் கரித்தது. பாலவேசம் ஒரு தடவைகூட இமைக்கவில்லை. கண்ணீர் வழிந்து மீசையை நனைத்தது. மகளைப் பிரிகிற துக்கம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அத்தானும் மச்சினனும் பந்தியில் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். பாயசம் போதும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுதான் பேச்சு. முப்பத்திரண்டு வருடத்துக்கு அதுவே பெரிது.

பத்து நாள் கழித்து ஷார்ஜாவிலிருந்து தங்கப்பழம் கூப்பிட்டான்.

"அத்தான், நறுமுகை கல்யாணப் படம் பாத்தோம். பிரமாதம்! லீவு கெடைக்காம வரமுடியலியேங்கற கொறையே தீந்துபோச்சு."

பாலவேசத்துக்கு முதலில் புரியவில்லை. "எந்தப் படம்ல? படமே எடுக்கலியே."

"எடுக்காட்டா என்ன? இசைவி புதுப் பதிப்பு வந்துருக்குல்லா. நீங்க அனுப்புன அழைப்பிதழப் போட்டோம், மீதிய அதுவே நிரப்பிட்டு. இங்க நாப்பத்தியொரு வீட்டுலயும் பாத்தாச்சு. அக்கா அரக்குப் பட்டுல நிக்கா. நீங்க வாசல்ல நின்னு எல்லாரையும் கும்புடுதிய." அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா லிங்கதுரை மட்டும் வரல அத்தான். மாலைய யாரோ ஒரு பெரியவர் போடுதாரு. நீங்க எறங்கிவர மாட்டியன்னு நாங்க முந்தியே பேசிக்கிட்டோம், அப்படியே ஆயிட்டு. இவ்வளவுக்கு அப்புறமும் ஒரு வார்த்தை சொல்லி அவன வரவைக்க ஒங்களுக்கு மனசு வரலியா?"

"வந்தாம்ல!" பாலவேசம் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து சந்தனக்கனி ஓடிவந்தாள். "வந்தான்! அவன்தான் மாலை போட்டான்! ரெண்டடி தள்ளி நான் நின்னேன். இமைக்காம நின்னேன்ல! என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

மறுமுனையில் தங்கப்பழம் சிரித்தான்.

"அன்னைக்கும் இதத்தான சொன்னிய, அத்தான்."